விமானப் பயணியின் விவரங்கள் யாரிடம், எவ்வளவு காலம்?

கேள்வி: பாரிசில் இருக்கும் மகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து டிக்கெட் எடுக்கிறேன். செல்பேசி எண், பணம் கட்டிய விவரம், சாப்பாட்டு விருப்பம் வரை எல்லாமே அரசுகளுக்குப் போகும் என்கிறார்கள். தர மறுக்கலாமா? என் பெயருள்ள வேறு ஒருவரால் எனக்குச் சிக்கல் வருமா? (வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: மறுக்க முடியாது. சுங்கச் சட்டத்தின் கீழ் 2022 ஆகஸ்டில் வெளியான விதிமுறைகளின்படி, இந்தியாவுக்கு வரும், இங்கிருந்து புறப்படும் பன்னாட்டு விமானங்களின் முன்பதிவு விவரங்களை நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பே சுங்கத் துறைக்கு அனுப்பியாக வேண்டும். மதம், அரசியல் கருத்து, உடல்நலம் ஆகியவற்றைக் காட்டிக்கொடுக்கும் வகையில் அவற்றைக் கையாளக் கூடாது என்று அதே விதிமுறைகள் தடுப்பதால், சைவச் சாப்பாடு கேட்கத் தயங்க வேண்டாம்.

என் கவலை விவரம் பகிரப்படுவதைப் பற்றியதன்று. அது எவ்வளவு காலம் இருக்கிறது என்பதைப் பற்றியது. பயங்கரவாதிகளின் பயணத்தைத் தடுக்க இத்தகைய தரவைத் திரட்டும் திறனை உருவாக்குமாறு ஐ.நா. பாதுகாப்பு அவை 2017 டிசம்பரில் எல்லா நாடுகளையும் பணித்தது. அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு நெறிமுறை எல்லாப் பயணிகளின் விவரங்களையும் 5 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதித்தபோது, அதன் நீதிமன்றம் 2022 ஜூன் 21 அன்று, பயங்கரவாதத்துடனோ கடுங்குற்றத்துடனோ தொடர்பு இருப்பதற்கான புறநிலைச் சான்று இல்லாதவரின் விவரத்தை 6 மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. இந்திய விதிமுறையிலோ பொதுக் காலவரம்பே 5 ஆண்டுகள்தான். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறிய பின்னும், மத்திய அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்களிக்க இடம் தருகிறது; ஆகவே அச்சட்டத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது.

பெயர்க் குழப்பம் குறித்த உங்கள் அச்சம் வீண் அன்று. ஐரோப்பாவில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் சந்தேகத்துக்குரியவர்கள் என்று கணினி பொருத்திக் காட்டிய பயணிகளுள் ஆறில் ஐந்து பேராவது, அதிகாரிகள் நேரில் ஆராய்ந்தபோது தவறான பொருத்தம் என்று தெரிந்ததாக அதே தீர்ப்பு குறிப்பிடுகிறது. நல்லவேளையாக, கணினியின் முடிவை மட்டும் வைத்து ஒருவருக்குப் பாதகமாக நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அந்த நெறிமுறை விதிக்கிறது.

நம் ஊர்ப் பெயர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. டிக்கெட்டில் இனிஷியலோடு நிற்கும் பெயர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரை விரித்து எழுதியதாக இருக்கும். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரையும் பிறந்த தேதியையும் கொடுங்கள். விவரத்தை மறைப்பதால் குழப்பம் குறையாது, கூடவே செய்யும். டிராவல் ஏஜென்ட் தம் செல்பேசி எண்ணையும் மின்னஞ்சலையுமே உங்களுடையவை போலப் பதிந்திருந்தால், மாற்றச் சொல்லுங்கள். அவருடைய மற்ற வாடிக்கையாளர்களின் பதிவுகளிலும் அதே எண் இருக்கக்கூடும். கட்டாயமற்ற கட்டங்களைக் காலியாக விடலாம்.

பாரிசில் தவறாக நிறுத்தப்பட்டால், பயணி விவரங்களைக் கையாளும் பிரெஞ்சுப் பிரிவின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதலாம். குடியுரிமை எதுவாயினும் அந்த உரிமை உண்டு. பதில் திருப்தி தராவிட்டால் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சி.என்.ஐ.எல்.-ஐ அணுகலாம். கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதித் தரப் புதுச்சேரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. டிக்கெட் நகலையும் போர்டிங் பாஸையும் மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.