1965–66 ஃபோர்டு மஸ்டாங்குக்கு ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 அங்குல பின் ஆக்ஸில்: கேள்வி பதில்

அண்ணா, என்னுடையது 1966 ஆறு சிலிண்டர் வண்டி. 302 கன அங்குல வி8 எஞ்சின் இறக்கப் போகிறேன். பழைய ஆக்ஸில் தாங்குமா?

தாங்காது. அதில் இருப்பது 7.25 அங்குல ஆக்ஸில் (இந்த அளவு உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம்), சக்கரத்துக்கு நான்கு போல்ட். சாதாரண வி8 வண்டிகளுக்கு 8 அங்குலம், 28 ஸ்ப்லைன் (நுனியில் வெட்டிய பற்கள்) ஷாஃப்ட் வந்தது. மிதமான 302-க்கு அது போதும். ஒட்டும் டயரும் மேனுவல் கியர் பாக்ஸும் சேர்ந்தால் போதாது. 9 அங்குலம் அந்த வருடங்களில் 'கே' கோடு எனப்படும் அதிக சக்தியுள்ள 289 வி8-க்கு மட்டும் வந்தது, இன்று விலை அதிகம். எக்ஸ்புளோரர் 8.8-இல் 31 ஸ்ப்லைன் ஷாஃப்ட், தடித்த 3¼ அங்குல டியூப், 5 போல்ட், அவை அமையும் வட்டம் 4½ அங்குலம். காசுக்கு இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியாது. முன் ஹப்பையும் 5 போல்ட்டுக்கு மாற்ற வேண்டும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி யார்டில் எதைப் பார்த்து எடுப்பது?

1995 முதல் 2001 வரையிலான நான்கு கதவு எக்ஸ்புளோரர். அதற்கு முந்தியவற்றில் பின்னால் டிரம் பிரேக், 2002-இல் பின் சஸ்பென்ஷனே மாறிவிட்டது. கவர் போல்ட்டில் தொங்கும் தகட்டில் '3எல்73' என்றிருந்தால் 3.73 விகிதம் (புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று), லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல்). நடுவில் 'எல்' இல்லையென்றால் திறந்த டிஃபரென்ஷியல். தகடு போயிருந்தால் ஓட்டுநர் கதவு ஸ்டிக்கரில் 'டி4' தேடுங்கள், அதுவும் அதேதான். பிரேக் காலிப்பர், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் சேர்த்தே எடுங்கள். மேலே இருக்கும் ஏபிஎஸ் சென்சாரைக் கழற்றாதீர்கள், அந்த ஓட்டை வழியே ஆயில் கசியும்.

அகலம் சரியாக வருமா? கட்டாயம் வெட்ட வேண்டுமா?

1967–70 வண்டிக்கு வெட்டாமலே அகலம் பொருந்தும், சுமார் 59½ அங்குலம். 1965–66-க்கு வேண்டியது ஏறக்குறைய 57¼. எக்ஸ்புளோரரில் பினியன் (புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் சிறு பல்சக்கரம்) வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும், அதனால் இடது டியூப் சுமார் மூன்று அங்குலம் நீளம். அதைக் குறைத்து, இரண்டு பக்கமும் வலது ஷாஃப்டையே போட்டால் மொத்த அகலம் 56½-க்கு வரும், பினியனும் நடுவுக்கு நெருங்கும். புதிதாக ஷாஃப்ட் கடைய வேண்டாம்.

எவ்வளவு வெட்டுவது என்பதைப் பிறர் சொன்ன அளவில் முடிவு செய்யாதீர்கள். கவரைத் திறந்து, குறுக்கு பின்னை எடுத்து, ஷாஃப்டை உள்ளே தள்ளி, அதைப் பிடித்திருக்கும் சி-கிளிப்பைக் கழற்றுங்கள். இரண்டு ஷாஃப்டையும் பக்கத்தில் வைத்து அளந்தால் வரும் வித்தியாசம்தான் வெட்டும் அளவு. குறுக்கு பின்னின் பூட்டு போல்ட் அடிக்கடி முறியும், திரும்பப் போடும்போது புதியது வாங்குங்கள்.

ஒட்டும்போது பேரிங் இருக்கைகள் வழியாக நேர்க்கம்பி விட்டுத்தான் வெல்டு வைக்க வேண்டும். கண்ணால் பார்த்து ஒட்டினால் ஷாஃப்ட் வளைந்து சுழலும், சீலும் பேரிங்கும் சீக்கிரம் போகும். கம்பி இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். டியூப் நடு வார்ப்புக்குள் அழுத்திச் சொருகியது, கடும் இழுப்பில் திருகிக்கொள்ளும். அந்த மூட்டைச் சூடேற்றி, நிக்கல் ராடால் சுற்றி வெல்டு வைத்து, மெல்ல ஆறவிடுங்கள்.

ஸ்பிரிங் பேட் (ஆக்ஸில் லீஃப் ஸ்பிரிங்மேல் உட்காரும் தகடு) வெல்டு வைப்பது எப்போது, எந்தக் கோணத்தில்?

பலரும் தவறுவது இங்கேதான். வண்டியை ஜாக்கில் தொங்கவிட்டு வெல்டு வைத்தால் கோணம் பொய்யாகிவிடும். பழைய பேட்களை அறுத்தெடுத்து, புதியவற்றை ஒட்டாமல் ஸ்பிரிங்மேல் வைத்து, ஆக்ஸிலை ஏற்றுங்கள். பிறகு முழு எடையும் சக்கரத்தில் இறங்கட்டும். எஞ்சின், கியர் பாக்ஸ் வண்டியில் இருக்க வேண்டும்.

கியர் பாக்ஸ் வெளிமுனை கீழ்நோக்கி 3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இணையாக இருக்க பினியன் மேல்நோக்கி 3 டிகிரி. ஆனால் லீஃப் ஸ்பிரிங் இழுப்பில் முறுக்கி பினியன் மூக்கைத் தூக்கும், ஆகவே 2 டிகிரி குறைத்து 1-இல் நிறுத்துங்கள். புள்ளி வெல்டு வைத்து மறுபடி அளந்து, கழற்றி, பக்கம் மாற்றி மாற்றிச் சிறுசிறு நீளமாக முழுதாக ஒட்டுங்கள். ஒரே இழுப்பில் ஒட்டினால் டியூப் வளையும்.

3¼ அங்குல யூ போல்ட் வேண்டும், பழைய ஷாக் பிளேட்டின் ஓட்டைகளையும் அதற்கேற்ப அகலப்படுத்த வேண்டும்.

பழைய புரொப்பல்லர் ஷாஃப்ட் சேருமா, சார்?

நேராகச் சேராது. 8.8-இல் வட்ட ஃபிளாஞ்ச். 1310 அளவிலிருந்து 1330 அளவுக்கு மாற்றும் கிராஸ் ஜாயின்ட் கிடைக்கிறது. நீளத்தை ஆக்ஸில் ஏறிய பிறகே அளந்து வெட்டுங்கள்.

பின் டிஸ்க் போட்ட பிறகு பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. ஏன்?

டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருக்கும். டிஸ்க்கில் அது பிரேக் பேடை விடாது. அந்த வால்வை எடுத்துவிடுங்கள் அல்லது டிஸ்க்குக்கான மாஸ்டர் போடுங்கள். பின் லைனில் பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும், கையால் திருப்பும் புரொபோர்ஷனிங் வால்வும் அவசியம், இல்லையேல் பின்சக்கரம் முதலில் பூட்டும். 1966 வரை ஒற்றைச் சுற்று மாஸ்டர்தான். இந்த வேலையோடு இரட்டைச் சுற்றுக்கு மாறுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

கிளட்சை விட்டதும் பின்பக்கம் குதிக்கிறது.

லீஃப் 'எஸ்' வடிவில் முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்குகிறது. தேய்ந்த முன் புஷ்ஷை முதலில் மாற்றுங்கள். அதன் பிறகு 4½ லீஃப் ஸ்பிரிங். டிராக்‌ஷன் பார் (லீஃப் முறுக்குவதைத் தடுக்கும் கம்பி) போட்டால் அதன் ரப்பர், ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்கு நேர் கீழே, சுமார் அரை அங்குல இடைவெளியில் நிற்க வேண்டும். கண்ணுக்குப் பின்னால் முட்டினால் லீஃபையே வளைக்கும்.

விகிதம் மாற்றினேன், இப்போது ஊளையிடுகிறது.

பெயிண்ட் தடவி பல் படிவதைப் பாருங்கள். பேக்லாஷ் (பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி) 0.008 முதல் 0.012 அங்குலம். புது பேரிங்கில் பினியன் பிரீலோடு (பேரிங்கை இறுக்கிய பின் பினியனைச் சுழற்றத் தேவைப்படும் விசை) 16–29 இஞ்ச்-பவுண்டு. நட்டை அதிகம் இறுக்கிவிட்டால் தளர்த்திச் சரிசெய்யக் கூடாது, புது கிரஷ் ஸ்லீவ் (இறுக்கும்போது நசுங்கும் குழாய்) போட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். லிமிடெட் ஸ்லிப் என்றால் ஆயிலோடு 4 அவுன்ஸ் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் ஊற்றுங்கள். அது இல்லாவிட்டால் திருப்பத்தில் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் அதிரும். முதல் ஓட்டம் முடிந்து ஆக்ஸில் ஆறியதும் யூ போல்ட்களை மறுபடி இறுக்குங்கள்.