வாசகர் கேள்வி – பதில்: பழைய கோவிலைப் பார்க்க வருபவர்கள்

கேள்வி: எங்கள் கிறிஸ்தவக் கோவில் நூறு வருஷம் கடந்தது. சுற்றுலாக் கப்பல் வரும் நாட்களில் வெளிநாட்டவர் ஆட்டோவில் வந்து, பூட்டிய கதவைப் படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள். இவர்களை வரவேற்க எங்கே தொடங்குவது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: துண்டுப்பிரசுரம் அச்சடிப்பதில் தொடங்காதீர்கள். பெரும்பாலான பங்குச் சபைகள் அதிலேயே காசைக் கரைத்துவிட்டு, கதவைத் திறக்க ஆள் இல்லாமல் நிற்கின்றன. முதலில் வேண்டியது திறந்த கதவும், பக்கத்தில் ஓர் ஆளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புதன், சனி இரண்டு நாளும் காலை 9.30 முதல் 12.30 வரை திறப்பதாக வைப்போம். ஒரு தடவைக்கு இரண்டு பேர் என்றால் வாரத்துக்கு 4 இடங்கள். ஒருவர் இரு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் 8 பேர் போதும். காய்ச்சல், கலியாணம் என்று நிற்பவர்களுக்குப் பதிலாக 2 பேர் கூட்டி, மொத்தம் 10 பேர். ஏழு நாளும் திறப்போம் என்று கிளம்பினால் மூன்றாம் மாதம் கோவில் காவலாளி ஒருவர்தான் மிஞ்சுவார். ஒருவரைத் தனியே விடவும் கூடாது. ஒருவர் வந்தவர்களோடு உள்ளே நடக்கும்போது மற்றவர் வாசலில் இருக்கவேண்டும். உண்டியலும் பீடத்துப் பொருட்களும் அங்கே உண்டு.

காலை நேரத்தைச் சொல்வதற்குக் காரணம், கப்பலில் வருவோர் பெரும்பாலும் காலையில் இறங்கி மாலைக்குள் திரும்பவேண்டியவர்கள். மதியத்துக்குப் பின் கொழும்பு வெயிலும் அவர்களை விரட்டிவிடும்.

பலகையைக் கதவில் ஒட்டாமல் வெளிக் கேற்றில் மாட்டுங்கள், ஆட்டோவில் இருந்தபடியே வாசிக்கும் அளவு எழுத்தில், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். கூகுள் வரைபடத்திலும் அதே நேரம் இருக்கட்டும். பலகையில் 9.30 என்று போட்டுவிட்டு 10.15க்குத் திறப்பது, நேரமே போடாமல் விடுவதைவிட மோசம்.

கேள்வி: வந்தவர்களுக்கு என்ன சொல்வது? எங்கள் இளைஞர்கள் வரலாற்றை ஒப்பிக்கிறார்கள், கேட்பவர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.
– வாசகி, முகத்துவாரம்

பதில்: ஒப்பித்தால் கொட்டாவிதான் வரும். கண்ணுக்கு முன் இருப்பதில் தொடங்கி மூன்று நிமிஷத்தில் முடியுங்கள். மிச்சத்தை அவர்களே கேட்பார்கள்.

கொழும்பில் ஒல்லாந்தர் கட்டிய வுல்பெண்டால் தேவாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ளே வருபவர் நிற்பதே ஒரு கல்லறைக் கல்லின் மேல். ‘கீழே பாருங்கள்’ என்று தொடங்கினாலே போதும். கோட்டையில் இருந்த பழைய ஒல்லாந்தர் தேவாலயத்தின் கல்லறைகள் 1813இல் இங்கே கொண்டுவரப்பட்டன என்று சொல்லலாம். அடுத்துச் சுவர்: கபுக்கல் என்னும் செம்பாறைக் கல்லும் பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து கிட்டத்தட்ட 5 அடி தடிப்பம். சன்னல் குழியில் கையை நீட்டச் சொன்னால் அந்த 5 அடி அவர்களுக்குத் தானாகப் புரியும். பெயரைப் பற்றியும் கேட்பார்கள். ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என்று பொருள். இலங்கையில் ஓநாய் கிடையாது. ஐரோப்பியர் இங்கே கண்டு ஓநாய் என்று நினைத்தது நரியை. இதைச் சொன்னால் சிரிக்காத ஆள் குறைவு.

ஆண்டு சொல்லும்போதுதான் தவறு நேர்கிறது. வுல்பெண்டாலுக்கு அடிக்கல் 1749, வழிபாட்டுக்கு அர்ப்பணித்தது 1757. ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றதையும் சொன்னால் இருவரும் பொய் சொல்வதாகத் தோன்றும். ஆகவே உங்கள் கோவிலின் அடிக்கல் ஆண்டு, திறப்பு ஆண்டு, பெரிய திருத்தவேலை ஆண்டு மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி வாசல் மேசையில் வையுங்கள். ‘ஆசியாவிலேயே முதலாவது’, ‘உலகிலேயே பெரியது’ போன்றவற்றைத் தாளோடு நிரூபிக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். கொழும்பில் பழையதெல்லாம் ஒல்லாந்தர் கட்டியது என்று சொல்லும் பழக்கமும் இருக்கிறது. கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயம் பிரித்தானியர் காலத்தது.

கேள்வி: கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு உறவினரின் வெளிநாட்டு நண்பர்களைக் கூட்டிப்போகிறோம். 2019 பற்றிக் கேட்டால் எப்படிப் பேசுவது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: மறைக்கவேண்டாம், காட்சியாக்கவும் வேண்டாம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று இங்கே குண்டு வெடித்தது. அதே ஆண்டு ஜூனில் கோவில் மீண்டும் திறக்கப்பட்டது. இரண்டு வசனமும் தாழ்ந்த குரலில் போதும். கைபேசியில் அன்றைய படங்களைக் காட்டவே கூடாது. அந்தக் காலையில் ஆளை இழந்தவர் பக்கத்து வாங்கில் இருக்கக்கூடும். பையைச் சோதித்தால் அது அவர்கள்மேல் சந்தேகப்பட்டல்ல, எல்லோருக்கும் உண்டு என்று போகும் வழியிலேயே சொல்லிவையுங்கள்.

செவ்வாய்க்கிழமை மட்டும் கூட்டிப்போகாதீர்கள். அன்று நடக்கும் நவநாள் வழிபாட்டுக்கு வரும் பக்தர் கூட்டத்தில் கட்டடம் பார்க்க முடியாது. பக்தியைப் பார்க்கவே விரும்புகிறார்கள் என்றால், செவ்வாயே போய்ப் பக்கச் சுவரோரம் நிற்கட்டும்.

கேள்வி: அரைக் காற்சட்டை, கையில்லாத சட்டை, பூசை நடுவே படம் எடுப்பது – இவற்றை எப்படித் தடுப்பது?
– வாசகி, மட்டக்குளி

பதில்: தடுக்கவேண்டியது பூசை நடுவே படமெடுப்பதை மட்டும்தான். உடைக்கு வாசலில் பத்துப் பன்னிரண்டு பருத்திச் சால்வைகளும் நாலைந்து சாரமும் ஒரு கூடையில் வையுங்கள். வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். வியர்வை நாற்றம் அடிக்கும் சால்வையை யாரும் தோளில் போடமாட்டார். கொடுக்கும்போது ‘இங்கே இதுதான் எங்கள் வழக்கம்’ என்றால் வாங்கிக்கொள்வார்கள். மேலும் கீழும் பார்த்துவிட்டு நீட்டினால் திரும்பிப் போவார்கள், அது நியாயமும்கூட.

செருப்பு விஷயத்தில் கழற்றுவதா வேண்டாமா என்பதைப் பலகையிலேயே எழுதுங்கள். பூசை, திருமணம், அடக்கப் பூசை நேரங்களில் வாசலுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டி, எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்று அதில் தொங்கவிடுங்கள். ‘உள்ளே வராதே’ என்று எழுதினால் எப்போது திரும்பி வருவது என்று அவர்களுக்குத் தெரியாது.

கேள்வி: கட்டணம் வாங்கலாமா?
– வாசகர், ஹெந்தளை

பதில்: வாங்காதீர்கள், நேர்த்தி வைக்க வருபவரையும் நிறுத்திக் கேட்கவேண்டி வரும். உண்டியலை வெளியேறும் வழியில் வைத்து, எதற்கு என்று எழுதுங்கள்: ‘கூரை ஓடு மாற்ற’ என்பதற்குக் காசு விழும், ‘நன்கொடை’ என்பதற்கு அவ்வளவு விழாது. திறக்கும்போது இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திடட்டும். வெளிநாட்டுச் சில்லறையை மாற்றுவது கடினம். நோட்டே போடும்படி கேளுங்கள்.

கேள்வி: விருந்தாளி வருகிறார்கள் என்று பழைய கல்லறைக் கற்களை அசிட் ஊற்றிக் கழுவலாமா?
– வாசகர், கொழும்பு 13

பதில்: கூடவே கூடாது. அசிட் கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்தைத் தின்றுவிடும். மெல்லிய தும்புத்தடியும் வெறும் தண்ணீரும் போதும். நீர் தேங்கவிடாமல் உடனே துடையுங்கள், ஈரக் கல்லில் வயதானவர் வழுக்கி விழுவர். சுவரில் ஈரம் தெரிகிறதென்று சீமெந்து பூசுவதும் இதே வகைத் தவறுதான்: ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே நின்று, பழைய சாந்தை உதிர்க்கும். உங்கள் கோவில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகப் பிரகடனமாகியிருந்தால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அதில் வேலை செய்ய முடியாது. வாளியைத் தூக்குமுன் பங்கு அலுவலகத்தில் கேளுங்கள்.