இஸ்தான்புல்ல முடி நடணும், ஆனா பாஷை தெரியாதே!

கேள்வி: அண்ணே வணக்கம். தோஹால வேலை பாக்குறேன், வயசு 34, முன்மண்டை சுத்தமா காலி. இஸ்தான்புல் போய் ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பண்ணலாம்னு இருக்கேன். வாட்ஸ்அப்ல ஒரு பொண்ணு நல்லா இங்கிலீஷ்ல பேசுறாங்க. ஆனா அங்க பண்ணிட்டு வந்த ரூம்மேட், உள்ள இருக்குறவங்க எல்லாம் துருக்கி பாஷைதான், ஒண்ணுமே புரியலங்குறான். எனக்கு இங்கிலீஷே சுமார். என்ன பண்றது?

பதில்: தம்பி, வாட்ஸ்அப்ல பேசுற பொண்ணு சேல்ஸ், அவங்க ஆபரேஷன் ரூமுக்குள்ள வரப்போறதே இல்ல. நீங்க கேக்க வேண்டியது அன்னிக்கு உங்க கூட யாரு, எவ்ளோ நேரம் இருப்பாங்கன்னுதான். பல இடத்துல மொழிபெயர்க்குற ஆள் காலைல வருவாரு, புது முடி எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு நெத்தில மார்க்கர்ல கோடு போடுறப்ப நிப்பாரு, கையெழுத்து வாங்குவாரு, அப்புறம் அடுத்த பேஷன்ட்ட பாக்க கிளம்பிடுவாரு. அதுக்கு மேல ஆறேழு மணி நேரம், அதுல பின்மண்டைல முடி எடுக்குற வரைக்கும் குப்புற படுத்துருப்பீங்க, மரத்துப்போற ஊசி சரியா பிடிக்கலன்னா யார்கிட்ட சொல்லுவீங்க? அதனால கோடு போடுறப்பவே டெக்னீஷியன்கிட்ட நான் கையைத் தூக்குனா நிறுத்துங்கன்னு செஞ்சு காட்டி பேசிக்கோங்க. வலிக்குதுன்னு சொல்ல "அஜியோர்", அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.

அந்தக் கோடுதான் முக்கியம், பின்னாடி வர்ற சண்டை நிறைய அங்கதான் ஆரம்பிக்கும். கண்ணாடில பாத்து, போன்ல போட்டோ எடுத்து, ஓகேன்னு தோணுன பிறகுதான் ஊசிக்கு உக்காருங்க. டென்ஷன் குறையன்னு மாத்திரை குடுப்பாங்க, அத போட்டப்புறம் எந்த பேப்பர்லயும் கையெழுத்து போடாதீங்க. புரியாத பேப்பர்னா தாராளமா கேளுங்க, தேவைப்பட்டா மொழிபெயர்ப்பாளர் வெச்சு பேஷன்ட்டுக்கு புரியுற மாதிரி சொல்லணும்னு துருக்கியோட 1998 நோயாளி உரிமை விதியிலயே இருக்கு. வெளிநாட்டுக்காரங்களுக்கு வைத்தியம் பாக்க சுகாதார அமைச்சகத்தோட தனி அனுமதி சான்றிதழும் வேணும், 2017ல வந்த ரூல். அத காட்டச் சொல்லுங்க, மழுப்புனா அந்த இடமே வேண்டாம்.

நம்பர்லயும் மாட்டிப்பாங்க. அங்க ஆயிரத்துக்கு கமாவுக்கு பதிலா புள்ளி வெப்பாங்க, 3.000னா மூவாயிரம். அதுவும் மூவாயிரம் கிராஃப்ட்டா மூவாயிரம் முடியான்னு எழுத்துல வாங்குங்க, கிராஃப்ட்னா வேரோட எடுத்து நடுற சின்னக் கொத்து, ஒண்ணுல ஒரு முடில இருந்து நாலு முடி வரைக்கும் இருக்கும், ரெண்டும் ஒண்ணு இல்ல.

மாத்திரை விஷயத்துல பிராண்ட் பேரு சொல்லாதீங்க, டோலோன்னா அங்க யாருக்கும் தெரியாது, பாரசிட்டமால்னா தெரியும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாம இருக்க ஏதாச்சும் சாப்பிடுறீங்களா, எந்த மருந்து ஒத்துக்காது, காயம் பட்டா தழும்பு தடிச்சு கீலாய்டு ஆகுமா, எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல டைப் பண்ணி முன்கூட்டியே அனுப்புங்க, கைலயும் ஒரு காப்பி வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு. தோஹால இருக்கீங்க, கொஞ்சம் அரபி ஓடும்ல? வளைகுடா ஆளுங்க அங்க நிறைய போறதால அரபி பேசுற ஆள் கிடைக்குறது ஈஸி. தடுமாறுற இங்கிலீஷ விட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: கூகுள் டிரான்ஸ்லேட் இருக்கே, அது பத்தாதா?

பதில்: ஹோட்டல்ல தண்ணி கேக்க பத்தும். பேப்பர்ல என்ன எழுதிருக்குன்னு கேமராவுல காட்டி குத்துமதிப்பா தெரிஞ்சுக்கலாம். ஆனா "இந்த ஊசி எனக்கு ஆகாது"ல அந்த "ஆகாது" விழுந்துட்டா கதை கந்தல், அலர்ஜி சமாச்சாரத்த மனுஷன் வழியாத்தான் சொல்லணும். குப்புற படுத்திருக்கப்ப போனும் கைல இருக்காது.

கேள்வி: ஊருக்கு திரும்புனப்புறம் பிரச்சனை வந்தா?

பதில்: கிளம்புறதுக்கு முன்னாடியே இங்கிலீஷ்ல ஆபரேஷன் ரிப்போர்ட் வாங்கிடுங்க, எத்தன கிராஃப்ட், என்ன ஊசி, என்ன ஆன்டிபயாடிக்னு. தோஹா டாக்டர் முதல்ல அதத்தான் கேப்பாரு. இஸ்தான்புல்ல இருக்குறப்பவே மூச்சு திணறல், உடம்பெல்லாம் தடிப்புன்னா வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டு உக்காந்திருக்காதீங்க, அங்க அவசர உதவி நம்பர் 112க்கு போன் போடுங்க.