மடையும் இறவையும்

அன்புள்ள ஐயா,

தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் நஞ்சுக்கொடியில் கலப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இது ஏழாம் மாதம். கால்சியம் மாத்திரை போடும்போதெல்லாம் ஒரு சந்தேகம்: ரத்தமே கலக்காதபோது இது பிள்ளைக்கு எப்படிப் போகிறது? ஊறிப் போகுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஊறிப் போவது கஷ்டம். நஞ்சுக்கொடியின் விரல் விரலான நீட்சிகளைப் போர்த்தியிருக்கும் படலம், பல செல்கள் ஒன்றாகக் கலந்து உருவானது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சந்து என்பதே இல்லை. அதன் சவ்வோ கொழுப்பு; மின்னேற்றம் உள்ள கால்சியத்தை அண்டவிடாது.

அதனால் சவ்வில் புரதத் துளைகள் இருக்கின்றன. தாயின் ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் முக்கியமானது டிஆர்பிவி-6. ஒரே மாதிரியான நான்கு புரதங்கள் வட்டமாக நிற்க, நடுவில் துளை. அதன் இடுக்கான இடத்தில் நான்கும் ஆளுக்கு ஓர் ஆஸ்பார்டிக் அமிலத்தை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் எதிர்மின்னேற்றத்தில் இரட்டை நேர்மின்னேற்றமுள்ள கால்சியம் வந்து ஒட்டும். ரத்தத்தில் சோடியம் பல மடங்கு அதிகம்தான், ஆனாலும் அது வாசலோடு சரி.

துளைக்குத் தள்ளும் சக்தி கிடையாது. செல்லுக்குள் தனித்துத் திரியும் கால்சியம் வெளியே இருப்பதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்; மடையைத் திறந்தால் போதும், தானே பாயும். உள்ளே அது பெருகினால் செல்லுக்கு ஆபத்து என்பதால், கால்பிண்டின் போன்ற புரதங்கள் பிடித்து மறுபக்கம் சேர்க்கின்றன. அங்கேதான் சிக்கல். பிள்ளையின் ரத்தத்தில் கால்சியம் தாயினுடையதைவிடக் கூடுதல். மடை உதவாது, இறைக்க வேண்டும். செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து அதைச் செய்யும் பம்புப் புரதம் வேறு.

டிஆர்பிவி-6 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதான குழந்தைகளைப் பற்றி 2018இல் ஆய்வுகள் வந்தன. மெலிந்த எலும்பு, விலா முறிவு, எலும்பிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்கு இழுக்கும் பாராதைராய்டு ஹார்மோன் எகிறியிருந்தது. தாய்மீது குற்றமில்லை. அந்தப் படலம் பிள்ளையின் மரபணுவில் உருவாவது; பலர் நினைப்பதுபோல் அது தாயின் உறுப்பல்ல. பிறந்தபின் நஞ்சுக்கொடியின் தயவு வேண்டியதில்லை, வயிற்றுக்குக் கால்சியம் கிடைத்ததும் எலும்பு தேறிவிடுகிறது.

நிறைமாதப் பிள்ளையின் உடலில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பெரும்பங்கு இனிமேல்தான் போகப்போகிறது. அப்புறம், மாத்திரையை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.