நம்ம நூலகத்தில் இல்லையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1980களில் வந்த ஒரு வரலாற்றுக் கட்டுரை ஆய்வுக்குத் தேவை. கல்லூரி நூலகத்தில் அந்த இதழ் இல்லை. வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கப் படிவம் கொடுத்தேன். இருபது நாள் கழித்து "விவரம் போதாது" என்று திரும்பிவிட்டது. எங்கே தவறினேன்?
– ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பெரும்பாலும் இதழின் பெயர்தான் காலை வாரும். அடிக்குறிப்பில் ‘ஐ.ஈ.எஸ்.எச்.ஆர். 20’ என்று கண்டதை அப்படியே படிவத்தில் இறக்கியிருப்பீர்கள். அந்தப் பக்கம் தேடுகிறவர் வரலாறு படித்தவராக இருக்க வேண்டியதில்லை. இந்தச் சுருக்கம் அவருக்கு எதையும் சொல்லாது. ‘இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ’ என்று முழுப் பெயரை எழுதுங்கள். தொகுதி 20, ஆண்டு 1983, இதழ் எண், தொடக்கப் பக்கம், முடிவுப் பக்கம், கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர், கிடைத்தால் இதழுக்குரிய அடையாள எண்ணான எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். என்று எல்லாம் இருக்கட்டும்.

பெயர் மாறிய இதழ்கள் தனித் தலைவலி. 1961இல் வந்த கட்டுரைக்கு ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ என்று கேட்டால் "இருப்பில் இல்லை" என்றுதான் வரும். அந்தப் பெயர் 1966இல்தான் பிறந்தது. அதற்கு முன், 1949 முதல், அது ‘எகனாமிக் வீக்லி’. அதுவும் வார இதழ். ஆண்டை மட்டும் எழுதினால் ஐம்பது இதழைப் புரட்டச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். வெளியான தேதியையும் போடுங்கள்.

புதிய கட்டுரையாக இருந்தால் ‘10.’ என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண் (அந்தக் கட்டுரைக்கே உரிய இணைய அடையாள எண்) ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். கையால் எழுதாதீர்கள். பூஜ்யமும் ‘ஓ’ எழுத்தும் குழம்பும். நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் முற்றுப்புள்ளியை நீக்கிவிடுங்கள்.

படிவம் கொடுப்பதற்கு முன் இன்னொன்று. 2025 ஜனவரி 1 முதல் நடக்கும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. அவர்களுக்கு நூலகங்களை இணைக்கும் டெல்நெட் போன்ற வலையமைப்புதான் வழி. அதிலும் நிறுவனம்தான் உறுப்பினர். நீங்கள் நேரடியாக எழுதினால் பதில் வராது, நூலகர் வழியாகவே போக வேண்டும். தேவை ஓர் இந்திய ஆய்வேடு என்றால் முதலில் இன்ஃப்ளிப்நெட்டின் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியமான ‘ஷோத்கங்கா’வைப் பாருங்கள். அங்கே இலவசமாகக் கிடப்பதற்குப் படிவம் நிரப்புகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: பிற நூலகங்களுக்கு நாங்கள் ஸ்கேன் செய்து அனுப்புவதில் பாதி "படிக்க முடியவில்லை" என்று திரும்புகிறது. தெளிவாக எடுத்தால் கோப்பு பெரிதாகி மின்னஞ்சலில் போவதில்லை.
– கல்லூரி நூலகர், கரூர்

பதில்: கணக்கை முதலில் பார்ப்போம். ஏ4 பக்கத்தை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் 2480க்கு 3508 புள்ளிகள். சுருக்காத முழு வண்ணத்தில் பக்கத்துக்குச் சுமார் 26 எம்.பி., சாம்பல் நிறத்தில் 8.7 எம்.பி., வெறும் கறுப்பு வெள்ளையில் 1.1 எம்.பி. பி.டி.எஃப். சுருக்கத்தில் இவை வெகுவாகக் குறையும், ஆனாலும் வழக்கமாக வண்ணம்தான் பெரிதாகவும் கறுப்பு வெள்ளைதான் சிறிதாகவும் இருக்கும். ஆகவே எழுத்து மட்டும் உள்ள பக்கத்துக்கு வண்ணம் வேண்டாம்.

அதற்காக எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளைக்குத் தள்ளவும் கூடாது. மஞ்சளேறிய பழைய தமிழ்ப் புத்தகத்தில் அதுதான் வில்லன். மங்கலான மெய்ப்புள்ளி வெள்ளையாகிவிடும், ‘கல்’ ‘கல’ ஆகும். பூச்சி அரித்த துளையோ உயிர்மெய்யின் தலையில் புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும். பழைய அச்சுக்குச் சாம்பல் நிறமே பொருத்தம். நல்ல வெள்ளைத்தாளில் பொடி எழுத்து என்றால் கறுப்பு வெள்ளையில் 600 டி.பி.ஐ. வைக்கலாம்.

மின்னஞ்சலில் இணைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருத்துத்தான் போகிறது. 25 எம்.பி. வரம்பு என்றால் 18க்குள் நிறுத்துங்கள். கூடினால் இரண்டாகப் பிரித்து, மின்னஞ்சல் தலைப்பில் ‘1/2’, ‘2/2’ என்று போடுங்கள்.

"படிக்க முடியவில்லை" என்பதில் பெரும்பகுதி தையலோரத்துச் சொற்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் அமுக்கி எடுத்தால் நடுவில் கறுப்புப் பட்டை விழும், முதுகும் உடையும். ஒவ்வொரு பக்கமாக, தையலோரம் கண்ணாடியின் விளிம்பில் வருமாறு வைத்து எடுங்கள். அனுப்புமுன் பக்கத்தை எண்ணுங்கள்: 211 முதல் 234 வரை என்றால் 24 பக்கம், 23 அல்ல. கட்டுரையின் முடிவில் வரும் குறிப்புகளும், மடித்து வைத்த வரைபடமும்தான் வழக்கமாக விடுபடுகிறவை.

கேள்வி: 1950களில் வந்த ஒரு தமிழ் நூலைப் பல வருடமாகத் தேடுகிறேன். பழைய புத்தகக் கடைகளிலும் இல்லை. இணையப் பட்டியல்களில் பெயரை அடித்தால் எதுவும் வருவதில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, நூல் இருந்திருக்கும், நீங்கள் அடித்த எழுத்துக்கூட்டல்தான் அதைக் கண்டிருக்காது. வேர்ல்டுகேட் போன்ற உலகப் பட்டியல்களில் பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ் எழுத்தே இருக்காது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஒலிபெயர்ப்பு முறையில் ரோமன் எழுத்தில் ஏற்றியிருப்பார்கள். அதற்கு நம் வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டல் உதவாது. ‘ச’வுக்கு ‘எஸ்’ இல்லை, ‘சி’. ‘க’ எங்கு வந்தாலும் ‘கே’. ‘கங்கை’யில்கூட ‘ஜி’ கிடையாது. ‘த’, ‘ட’ இரண்டுக்கும் டைகரின் முதலெழுத்துதான், டாக்டரின் முதலெழுத்து அல்ல, ‘எச்’சும் சேராது. ‘ப’வுக்குப் பேப்பரின் முதலெழுத்து, பஸ்ஸின் முதலெழுத்து அல்ல. ‘ழ’வுக்கு ‘எல்’. ஆகவே ‘சிலப்பதிகாரம்’ தேடுகிறவர் சி-ஐ-எல்-ஏ என்று தொடங்க வேண்டும். ‘எஸ்’ போட்டால் பாதிப் பதிப்புகள் கண்ணில் படாது. மேலே கீழே வரும் கோடு, புள்ளிகளை விட்டுவிட்டு அடித்தாலும் போதும்.

கண்டுபிடித்த நூல் சிகாகோவில் இருப்பதாகக் காட்டினால் மலைக்க வேண்டாம். அமெரிக்கா நமக்குக் கொடுத்த கோதுமைக்கு ஈடாகச் சேர்ந்த ரூபாயில் 1962 முதல் அந்நாட்டின் பி.எல். 480 திட்டம் இங்கே புத்தகம் வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அதில் தமிழும் கப்பலேறியது. ஆனால் அவ்வளவு தூரம் கேட்குமுன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல் என்றால் நூலகம் திட்டம், இவற்றைப் பார்த்துவிடுங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியீட்டாளர்கள் படி அனுப்ப வேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. அந்தப் படி இரவலாக வராது, போய்ப் பார்க்கலாம்.

கேள்வி: கிடைக்காத புத்தகத்தை முழுவதும் நகலெடுத்துத் தரச் சொல்லலாமா?
– வாசகர், மதுரை

பதில்: ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு கடந்திருந்தால் தடையில்லை. உரிமை உள்ள நூலுக்கு, பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் "மூன்று படி" என்று வருவதைப் பலர் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை, வணிக நோக்கற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிகள் வரை எடுக்கலாம் என்பதே அது. வாசகர் வீட்டுக்குக் கொண்டுபோக அல்ல. உங்கள் சொந்த ஆய்வுக்கு ஓர் இயல், ஒரு கட்டுரை என்று கேளுங்கள். நூலகரும் தயங்க மாட்டார்.

கேள்வி: இரவல் புத்தகத்தைத் திருப்பி அனுப்ப மலிவான வழி?
– நூலக உதவியாளர், தர்மபுரி

பதில்: பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரோடு நின்றது. 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ இருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. கண்காணிப்பு எண் உண்டு, தரைவழி என்பதால் நாள் பிடிக்கும். கெடு தேதிக்குப் பத்து நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். புத்தகத்தில் அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். முதல் தாள் கிழிந்துபோன பழைய நூலை இதில் அனுப்ப முடியாமல் போகலாம், அதற்கு ஸ்பீடு போஸ்ட். வழியில் தொலைந்தால் பொறுப்பு இரவல் வாங்கிய நூலகத்துடையது. எனவே பாலித்தீனில் சுற்றி, இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டுங்கள். நூலகத்தின் இரவல் சீட்டை உள்ளேயே வையுங்கள். அது இல்லாமல் போன புத்தகம் யாருடையது என்று தெரியாமல் மேசையில் கிடக்கும்.