பயன்பாட்டில் இல்லாத கான்கிரீட் தொட்டியைக் குறைந்த செலவில், சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் எதைப் போட்டு நிரப்பலாம்?

என்ன தொட்டி என்று சொல்லவில்லை. தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்து, செப்டிக் டேங்க் சும்மா கிடக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். சென்னைப் புறநகரில் எங்கள் வீட்டுக் கதையும் அதுதான்.

10 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி ஆழம். 300 கன அடி, அதாவது 3 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மேஸ்திரி ஆற்று மணல் கேட்டார். வீட்டையே எம்-சாண்டில் (கருங்கல்லை அரைத்துச் செய்யும் மணல்) கட்டும் காலத்தில் குழிக்குப் போய் ஆற்று மணலா? பழைய குளியலறையை இடித்த செங்கல், காரை, டைல்ஸ் எல்லாம் பின்பக்கம் குவிந்து கிடந்தன. கழிவை லாரியில் உறிஞ்சி எடுத்ததும், அந்த இடிபாட்டையே அள்ளித் தொட்டியில் கொட்டச் சொல்லிவிட்டேன். மேலே ஒரு லோடு சவுடு (பள்ளம் நிரப்பும் மண்), அப்புறம் சிமெண்ட் பூச்சு.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. ஸ்டாண்டின் ஒரு கால் பூச்சை உடைத்துக்கொண்டு நாலு விரற்கடை இறங்கியிருந்தது. கடப்பாரையால் நெம்பினால் உள்ளே கறுப்புத் தண்ணீர், கொசு. சவுடு என்று வாங்கியதில் பாலிதீன் பை, தெர்மாகோல், ஒற்றைக் குழந்தைச் செருப்பு.

இடிபாட்டின் மேல் தப்பில்லை, போட்ட விதம்தான் தப்பு. பெரிய கட்டிகளுக்கு நடுவே இருந்த சந்துகளில் மண் இறங்கிவிட்டது. தொட்டித் தரையை உடைக்காததால் மழைநீருக்குப் போக வழியில்லை. மறுபடி மினி ஜேசிபி வைத்து மொத்தத்தையும் வெளியே எடுத்து, பிரேக்கரை (கான்கிரீட் உடைக்கும் கருவி) மேலிருந்தே இறக்கித் தரையில் ஆறு துளை போட்டோம். (உள்ளே ஆளை இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் கொல்லும். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட.) கற்களைக் கையளவுக்கு உடைத்து அடியில் 3 அடி, இடுக்குகளில் தண்ணீர் விட்டு இறக்கிய கிரஷர் தூசி (கல் உடைக்கும் ஆலைத் தூள்), மேலே நல்ல சவுடு அரை அடிக்கு ஒரு முறை திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி. பூச்சுக்குப் பதில் பேவர் கல். ஐந்து மழைக்காலம் ஆகிவிட்டது, அசையவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, பெயிண்ட் டப்பா மட்டும் உள்ளே போகக் கூடாது.

அனல்மின் நிலையச் சாம்பல் மலிவாயிற்றே என்று யாராவது வருவீர்கள். அதில் ஆர்சனிக் போன்றவை உண்டு, எங்கள் கிணறு இருபதடி தள்ளித்தான். சிமெண்ட் குழம்பு ஊற்றலாமே என்னும் இன்ஜினியர்களுக்கு: ரெடிமிக்ஸ் லாரி எங்கள் சந்துக்குள் திரும்பாது. நான் கட்டிட ஆளும் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

ரோடு போடுகிறவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலர் உத்தரவு போட்டாயிற்று. போன மாதம் எங்கள் தெருவில் பழையதன் மேலேயே போட்டார்கள். வாசல் இன்னும் அரை அடி பள்ளம். இப்போது தெருத் தண்ணீர் கேட்டைத் தாண்டி நேராகத் தொட்டி இருந்த மூலைக்குத்தான் வருகிறது. நல்லவேளை, துளை போட்டிருக்கிறேன்.