கத்திரி வெயிலில் பால்கனிச் செடிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில், மேற்குப் பார்த்த வீட்டில் இருக்கிறோம். காலை, மாலை இருவேளையும் தண்ணீர் ஊற்றியும், மதியம் இரண்டு மணிக்குச் செம்பருத்தியும் கத்தரியும் மிளகாயும் தலை தொங்கிவிடுகின்றன. மனம் கேட்காமல் அந்த நேரத்திலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியும் சென்ற வாரம் இரண்டு மிளகாய்ச் செடிகள் பட்டுப்போயின. இன்னும் எவ்வளவு தண்ணீர்தான் ஊற்றுவது?
– வாசகி, சென்னை

பதில்: அந்த மதியச் சொம்பை முதலில் நிறுத்துங்கள். உச்சிவெயிலில் இலைகள் வெளியேற்றும் நீரின் வேகத்துக்கு வேர்களால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் மண்ணில் ஈரம் இருக்கும்போதே அகன்ற இலைச் செடிகள் துவண்டு நிற்கும். வெயில் சாய்ந்த பிறகு, நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே நிமிர்ந்துவிட்டால் அந்தச் செடிக்குத் தண்ணீர்க் குறை இல்லை என்று பொருள். மறுநாள் காலை ஆறு மணிக்கும் துவண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் ஊற்றுவதற்கு முன், ஆள்காட்டி விரலை இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள்; ஈரம் தட்டுப்பட்டால் கோளாறு வேரில் இருக்கிறது.

மேற்குப் பால்கனிகளில் இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் தொட்டியின் சூடுதான் காரணம். வானிலை அறிக்கையில் நாம் படிக்கும் வெப்பநிலை நிழலில் அளக்கப்படுவது. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி செல்சியஸும் நிழலில் அளந்ததுதான். சாய்ந்து விழும் பிற்பகல் வெயிலை நேராக வாங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில், வெயில் படும் பக்கத்து மண் 50 டிகிரியையும் தாண்டக்கூடும். 40 டிகிரியைக் கடந்தாலே பெரும்பாலான செடிகளின் வேர்நுனிகள் பழுதாகத் தொடங்கிவிடும். நிலத்தில் நட்ட செடிக்கு ஒரு பக்கம் சுட்டாலும் ஆழத்தில் குளிர்ச்சி உண்டு. தொட்டிச் செடிக்கு ஒதுங்க வேறிடம் கிடையாது.

என் வீட்டில் இதேபோல் ஒரு மே மாதத்தில் பட்டுப்போன மிளகாய்ச் செடியை மண்ணோடு கவிழ்த்துப் பார்த்தேன். சுவரோரம் நிழலில் இருந்த பக்கத்து வேர்கள் வெள்ளையாக உயிரோடு இருந்தன. வெயில் பட்ட பக்கத்து வேர்களோ பழுப்பேறி, விரலால் இழுத்தவுடன் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, நடுவிலுள்ள நரம்பு மட்டும் நூலாக நின்றது. அப்படி வெந்துபோன வேரைச் சுற்றி மேலும் தண்ணீர் நிற்கும்போது அழுகல் எளிதில் பற்றிக்கொள்கிறது. நீங்கள் அன்போடு ஊற்றிய அந்த மதியத் தண்ணீரும் இதற்குத் துணைபோயிருக்கலாம். அதிலும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வெயில் பட்ட குழாய் வழியே வரும் மதியத் தண்ணீர் கையே வைக்க முடியாத சூட்டில் இருக்கும்; வேறு வழியின்றி அதைப் பயன்படுத்த நேர்ந்தால், வாளியில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

ஆகவே தொட்டியின் பக்கச்சுவரில் வெயில் படாமல் மறைப்பதே இப்போதைய முதல் வேலை. ஒரு பழைய பலகையைக் கம்பிக்கும் தொட்டிக்கும் நடுவே நிறுத்தினாலே போதும். தொட்டியைச் சுற்றிச் சணல் சாக்கைக் கட்டி, காலையில் தண்ணீர் ஊற்றும்போது அதையும் நனைத்துவிட்டால், ஈரம் ஆவியாகும்போது தொட்டியும் குளிரும். கறுப்புத் தொட்டிகளுக்கு வெளிப்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும் நல்ல பலன் தரும். தொட்டிகளைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மீது ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பகலில் வாங்கிய சூட்டை மேற்குச் சுவர் இரவு எட்டு மணிக்கும் கக்கிக்கொண்டிருப்பதைக் கை வைத்தாலே உணரலாம். குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதி காற்றைத் தள்ளும் திசையில் எந்தச் செடியும் இருக்கக் கூடாது. பெரிய தொட்டிகளை மேற்கு ஓரத்தில் வரிசையாக வைத்து, அவற்றின் நிழலில் சிறியவற்றை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழலும் ஈரக்காற்றும் கிடைக்கும்.

இதற்கு மேல் 50 சதவீத நிழல்வலை ஒன்றைக் கட்டுங்கள். கடையில் 75 சதவீத வலையை எடுத்துத் தருவார்கள். அது கீரைக்கும் மணி பிளான்டுக்கும் சரி, பூக்கும் காய்க்கும் செடிகளுக்கு வெளிச்சம் போதாது. வலை இலைகளை உரசாமல் ஓர் அடி தள்ளி இருக்கட்டும், மேலும் கீழும் காற்று போக இடைவெளி விடுங்கள். சென்னையில் மதியத்துக்கு மேல் வரும் கடற்காற்றுதான் செடிகளுக்கும் நமக்கும் ஆறுதல். அது உள்ளே நுழைய வழியிருக்க வேண்டும்.

கேள்வி: பிளாஸ்டிக் தொட்டிகளை எல்லாம் மாற்றிவிட்டு மண் தொட்டி வாங்கலாமா? தென்னை நார்க்கழிவு கலந்த மண்ணில் ஊற்றும் தண்ணீர் உடனே அடித்துளை வழியாக வெளியேறிவிடுகிறது.
– வாசகர், மதுரை

பதில்: பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படியே மண் தொட்டியும் தன் சுவரில் கசியும் ஈரத்தால் குளிர்கிறது, அதனால் கோடைக்கு மண் தொட்டியே உகந்தது. பிளாஸ்டிக் தொட்டியைவிட அது விரைவில் காய்ந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆனால் மே மாதத்தில் தொட்டி மாற்றாதீர்கள். வேர் அசைந்த செடி இந்த வெயிலில் பிழைப்பது கடினம். இப்போதைக்குப் பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே சற்றுப் பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி, அந்த மணலை ஈரமாக வைத்திருங்கள். கவாத்தும் உரமும்கூடக் கத்திரி முடியட்டும். வெட்டினால் வரும் இளந்தளிர் கருகும், காய்ந்த மண்ணில் இடும் உரம் வேரைச் சுடும்.

தண்ணீர் ஓடிவிடுவதற்குக் காரணம், நார்க்கழிவு முற்றிலும் காய்ந்துவிட்டால் எளிதில் நீரை ஏற்காது என்பதுதான். மண்கட்டி சுருங்கித் தொட்டியின் விளிம்பிலிருந்து விலகியிருக்கும். அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கிவிடுகிறது. மேலிருந்து எவ்வளவு ஊற்றினாலும் நடுவில் உலர்ந்தே இருக்கும். அகலமான பாத்திரத்தில் நான்கு விரற்கடை தண்ணீர் நிரப்பி, அதில் தொட்டியை அரை மணி நேரம் வைத்தால் அடித்துளை வழியே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எடுத்து வடியவிட்டு, மேல்மண்ணை இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த சருகாலோ கரும்புச் சக்கையாலோ மூடிவிடுங்கள். இந்த மூடாக்கு தண்டைத் தொடாமல் சுற்றிலும் சற்று விலகியிருக்க வேண்டும். கோடையில் செலவே இல்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு எட்டு நாள் ஊருக்குப் போகிறோம். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: எல்லாத் தொட்டிகளையும் நேர்வெயில் படாத இடத்துக்கு நகர்த்தி ஒன்றுசேருங்கள், தண்ணீர்த் தேவை அதிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். நடுவில் ஒரு முக்காலி மீது மூடியுள்ள வாளியில் தண்ணீர் வைத்து, பழைய பருத்திப் புடவையைக் கிழித்து விளக்குத் திரிபோல முறுக்கி நன்றாக நனைத்து, ஒரு முனையை வாளியின் அடிவரையிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணில் மூன்று அங்குல ஆழத்திலும் புதைத்துவிடுங்கள். பெரிய தொட்டிகளில் சாயம் பூசாத சிறு மண் கலயத்தைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தால் தேவைக்கேற்பக் கசியும். ஆனால் சிறு கலயத்தின் நீர் எட்டு நாளும் தாங்காது என்பதால் திரியும் கூடவே இருக்கட்டும். எதுவானாலும் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பே அமைத்து, ஒரு துளியும் தனியாக ஊற்றாமல் சோதித்துப் பாருங்கள். பாலியஸ்டர் கலந்த துணி சரியாக நீரை இழுக்காது; அது தெரியாமல் ஊருக்குப் போனால் செடிகள் மிஞ்சாது.

கேள்வி: தக்காளிச் செடி பூத்துப் பூத்து உதிர்கிறது. மிளகாய் இலைகளின் அடியில் மெல்லிய நூலாம்படை தெரிகிறது. இரண்டும் வெயிலால்தானா?
– வாசகர், வேலூர்

பதில்: பகலில் 35 டிகிரியையும் இரவில் 25 டிகிரியையும் தாண்டும் வெப்பத்தில் தக்காளியின் மகரந்தம் பழுதாகிவிடுவதால் பூக்கள் உதிர்கின்றன. எந்த மருந்தும் தேவையில்லை. செடியை நிழலில் காப்பாற்றி வைத்திருங்கள்; இல்லையேல் ஆடிப்பட்டத்தில் புதிதாக விதையுங்கள். இந்த வெயிலுக்கு வெண்டையும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் நன்றாகத் தாங்கும்.

நூலாம்படை, செஞ்சிலந்திப் பேனின் வேலை. சூடும் வறட்சியும் சேர்ந்தால் அது வேகமாகப் பெருகும். மூன்று நாட்கள் தொடர்ந்து அதிகாலையில் இலைகளின் அடிப்புறத்தில் தண்ணீரை விசையோடு பீய்ச்சுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு காதி சோப்புக் கரைசலும் கலந்து, சூரியன் மறைந்த பிறகு மட்டும் தெளியுங்கள். பகலில் தெளித்தால் எண்ணெய் படிந்த இலைகள் வெயிலில் கருகிவிடும்.